மூன்று நிமிடம் மூடிய வால்வு

தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்: நாற்பது நிமிடம். எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் இருந்த வடிகோபுரத்தை யாராவது சீண்டிவிட்டால், அது பழைய நிதானத்துக்குத் திரும்ப நாற்பது நிமிடம் எடுக்கும். இதைக் கண்டுபிடித்துக் கணக்குப் போட்டு அறிக்கையாக எழுதியவர் பெரியவர். சீண்டியது நான்.

பெரியவர் என்றதும் நரைத்த தாடியை நினைத்துக்கொள்ள வேண்டாம். வேதிப் பொறியியல் கடைசி ஆண்டில் எங்களுக்கெல்லாம் இருபத்தொன்று, அவருக்கு இருபத்தாறு. பெயின்ட் கரைப்பான் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையில் ஐந்து வருடம் ஆபரேட்டராக இருந்துவிட்டுப் படிக்க வந்தவர். முதல் நாள் அவர் வகுப்புக்குள் நுழைந்தபோது ஆசிரியர் என்று நினைத்துப் பாதிப் பேர் எழுந்து நின்றுவிட்டார்கள். அன்று விழுந்த பெயர். என்னை ஸ்டாப்வாட்ச் என்பார்கள். கையில் கடிகாரம் இல்லாமலே மணி சொல்வேன். மனதுக்குள் எண்ணி மூன்று நிமிடம் என்றால் அது மூன்று நிமிடம்தான். ஒரு பெண்ணுக்கு இருக்க வேண்டிய திறமைகளில் இது எந்த வரிசையில் வரும் என்று என் அக்கா அடிக்கடி கேட்பாள்.

கோபுரத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன், பயப்படாதீர்கள். அது கண்ணாடிக் குழாயால் ஆனது, இரண்டு மாடி உயரம், உள்ளே பத்துத் தட்டுகள். கீழே இருக்கும் பானையில் மெத்தனாலும் தண்ணீரும் கலந்து கொதிக்கும். ஆவி தட்டு தட்டாக மேலே ஏறும். உச்சியில் குளிர்ந்து திரவமாகும். அதில் ஒரு பங்கைத் திரும்பவும் கோபுரத்துக்குள்ளேயே அனுப்ப வேண்டும். அப்படித் திருப்பி அனுப்பினால்தான் மீதி சுத்தமாக வரும். எவ்வளவு திருப்பி அனுப்புவது என்பதை ரிஃப்ளக்ஸ் வால்வு என்ற ஒரு சின்ன வால்வு தீர்மானிக்கிறது. அது மேல்தளத்தில் என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. இந்தக் கதைக்கு இவ்வளவு தெரிந்தால் போதும்.

கோபுரத்தில் யாரும் தனியாக வேலை செய்யக் கூடாது என்பது விதி. கீழே ஒருவர், மேல்தளத்தில் ஒருவர். என் ப்ராஜெக்ட் முழுக்கக் கணினியில் முடிகிற வேலை என்பதால், துறைத் தலைவி என்னைப் பெரியவருக்கு மேல்தளத்து ஆளாகப் போட்டார். "உனக்கும் கொஞ்சம் கை அழுக்காகட்டும்" என்றார். பெரியவருடைய ப்ராஜெக்டுக்கு எட்டு ரீடிங் தேவை. ஒவ்வொரு ரீடிங்கிலும் வால்வை வேறு அளவில் வைத்து, எவ்வளவு சுத்தமாக வருகிறது என்று பார்க்க வேண்டும். நீராவி வியாழக்கிழமை மட்டும்தான் கிடைக்கும், பன்னிரண்டிலிருந்து நாலரை வரை. மற்ற நாட்களில் பாய்லர் விடுதிக்குப் போய்விடும். நாலரைக்கு பாய்லர்காரர் நீராவியை நிறுத்தினால் நிறுத்தியதுதான், நாங்கள் தலைகீழாக நின்றாலும் நடக்காது.

வடிகோபுரத்து வேலையில் முக்கால்வாசி காத்திருப்பது. பானை சூடாக வேண்டும், ஆவி ஏற வேண்டும், உச்சியின் வெப்பநிலை ஓரிடத்தில் நிற்க வேண்டும். கணினி இணைப்பு கெட்டுப்போய் இரண்டு வருடம் ஆகியிருந்ததால் பழைய சார்ட் ரெக்கார்டர் ஒன்று ஓடியது. உருளும் காகிதத்தில் ஒரு சிவப்புப் பேனா உச்சி வெப்பநிலையைக் கோடாகப் போடும். அந்தக் கோடு அரை மணி நேரம் ஆடாமல் அசையாமல் போனால்தான் ரீடிங் எடுக்கலாம். நடுவில் கொஞ்சம் நெளிந்தாலும் முதலிலிருந்து அரை மணி நேரம்.

பெரியவர் வேலை நடக்கும்போது வாயைத் திறக்க மாட்டார். வகுப்பிலும் அப்படித்தான், பேசினால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல. ஆனால் காத்திருக்கும்போது பேசுவார். இரண்டு தளத்துக்கும் நடுவில் இருந்த இரும்புப் படிக்கட்டில் அவர் கீழ்ப்படியில் உட்காருவார், நான் மேல்படியில். காகித டம்ளரில் டீ. கோட்டைப் பார்த்துக்கொண்டே பேசுவார். முதல் வியாழக்கிழமையே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது, பிடித்துவிட்டது, அவ்வளவுதான்.

"இந்தக் கொதிக்கிற சத்தத்தைக் கேளு," என்றார் அன்று. "தண்ணி ஜாஸ்தியாச்சுன்னா தொண்டையைச் செருமுற மாதிரி வரும். அங்க மீட்டர் கெட்டுப்போனா நாங்க காதாலதான் ஓட்டுவோம்."

"அப்புறம் எதுக்கு பெரியவரே படிக்க வந்தீங்க?"

"அங்க ஒரு மேனேஜர் இருந்தாரு. வால்வை ஏன் இப்படித் திறக்கறோம்னு ஒருநாள் கேட்டேன். உனக்குக் கைதான் வேலை செய்யுது, தலை வேலை செய்யாது, அதைப் பத்திக் கவலைப்படாதேன்னாரு." அவர் சிரித்தார். "அதான் வந்தேன்."

அவர் அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் டம்ளரின் விளிம்பைப் பிய்த்துப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

முதல் வியாழன் இரண்டு ரீடிங். இரண்டாவது வியாழன் கோபுரம் நல்ல பிள்ளையாக இரண்டு மணிக்கே நிதானத்துக்கு வந்துவிட்டது. இரண்டரைக்கு ஒரு ரீடிங், மூன்று நாற்பதுக்கு இன்னொன்று. கையில் நான்கு. மூன்றே முக்காலுக்கு அவர் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, "இன்னும் ரெண்டே வாரம் ஸ்டாப்வாட்ச், முடிஞ்சது நம்ம வேலை" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். அவருக்கு ஏற்கெனவே வேலை கிடைத்திருந்தது. கடலோரத்தில் ஏதோ ஒரு பெரிய ஆலை, ரயிலில் ஒன்றரை நாள் பயணம். அடுத்த மாதக் கடைசிக்குள் அறிக்கையைக் கொடுத்துவிட்டுப் போய்ச் சேர வேண்டும். இன்ஜினியராக.

நான் மேல்தளத்தில் தனியாக நின்று விரல் விட்டு எண்ணினேன். இரண்டு வியாழக்கிழமை. படிக்கட்டில் மொத்தம் நான்கு மணி நேரம்கூடத் தேறாது.

மூன்றாவது வியாழன் இரண்டு இருபதுக்கு அதைச் செய்தேன். அவர் டீ வாங்கப் போயிருந்தார். கோடு இருபது நிமிடமாக நேராக ஓடிக்கொண்டிருந்தது, இன்னும் பத்து நிமிடத்தில் ரீடிங். ரிஃப்ளக்ஸ் வால்வை மூடினேன். நூற்று எண்பது வரை எண்ணினேன். பழைய இடத்துக்கே திறந்துவிட்டேன். மூடிய இரண்டாவது நிமிடமே சிவப்புப் பேனா மேலே ஏற ஆரம்பித்திருந்தது. அவர் டீயோடு வந்து பார்த்து, "அட, என்னாச்சு இதுக்கு?" என்றார். நான் பூனை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு "தெரியலையே" என்றேன். மூன்று மணிக்குக் கோடு திரும்பி வந்தது. அதற்குள் அவர் தன் தங்கையின் கதையைச் சொல்லி முடித்திருந்தார். கண்ணாடி போட வெட்கப்பட்டு அதைக் கூரைமேல் வீசிவிட்டு, காக்கை கொண்டுபோய்விட்டது என்று சாதித்தவள். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். மூன்று இருபத்தைந்துக்கு மறுபடி மூடினேன். அன்று ரீடிங்கே இல்லை.

ஆய்வகத்தில் ஒரு நோட்டு உண்டு. லேப் அண்ணன் அதைக் கீழ்த்தளத்து மேசையில் நூல் போட்டுக் கட்டி வைத்திருப்பார். இருபது வருடமாக அந்த ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்கிறவர், அவருக்கு ஒரே ஒரு சட்டம்தான்: தொட்டால் எழுது. வால்வைத் தொட்டாலும் சுவிட்சைத் தொட்டாலும் நேரம், தொட்டது, காரணம், கையெழுத்து. எந்தப் பேராசிரியர் வந்தாலும் அவருக்கும் இதேதான். நான் தொட்டேன், எழுதவில்லை.

நான்காவது வியாழன் மூன்று தடவை. ஐந்தாவது வியாழன் இரண்டு தடவை. ஆக ஏழு. ஒவ்வொரு தடவைக்கும் நாற்பது நிமிடம் படிக்கட்டு கிடைத்தது. அவருக்கு உயரம் என்றால் பயம் என்று அப்போதுதான் தெரிந்தது. கோபுரம் ஏறுகிற வேலைக்குப் போகிற ஆளுக்கு உயரம் பயம்! கண்ணை மூடிக்கொண்டு படிகளை எண்ணி ஏறுவாராம். அவருடைய அம்மா போனில் "சாப்பிட்டியா" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்காமல் அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவாராம். சைக்கிள் ஓட்டக் கற்றதே இருபது வயதிலாம். எனக்கு ஒவ்வொன்றும் வேண்டியிருந்தது. பேராசை பிடித்தவள்போல அள்ளிக்கொண்டிருந்தேன்.

நான் அள்ளிக்கொண்டிருந்த அதே நேரத்தில் அந்த மனிதர் தேய்ந்துகொண்டிருந்தார். முதலில் நீராவியைச் சந்தேகப்பட்டு அந்தக் குழாயின் வடிகாலைக் கழற்றிச் சுத்தம் செய்தார். பிறகு சூடு வெளியே போகாமலிருக்கக் குழாய்களுக்கு இரண்டு சுற்றுப் பஞ்சு சுற்றினார். பிறகு தெர்மாமீட்டரை மாற்றினார். கோபுரம் முழுக்க சோப்பு நுரை தடவி ஓட்டை தேடினார், கண்ணை மூடி மூடி ஏறி, உச்சி வரைக்கும். நான் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் சந்தேகப்பட வேறு எதுவும் மிஞ்சவில்லை.

ஐந்தாவது வியாழன் நாலரைக்கு நீராவி நின்றது. பேனா மெல்லச் சரிந்தது. அவர் கீழ்ப்படியில் உட்கார்ந்து கையுறையைக் கழற்றினார்.

"இன்னும் ஒரு வியாழன்தான் இருக்கு. நாலு ரீடிங் வராது."

"சார்ட் மறுபடி..."

"கோபுரத்துல ஒண்ணும் இல்ல ஸ்டாப்வாட்ச். எல்லாம் பாத்தாச்சு." கையுறையை மடியில் வைத்து நீவினார். "நான் ஓட்டுறதுலதான் ஏதோ இருக்கு. என்னன்னு எனக்கே புரியல. அந்த மேனேஜர் சொன்னது சரிதான் போல. ஆலைக்கு போன் பண்ணி வரலைன்னு சொல்லிடப் போறேன். பழைய இடத்துல ஆபரேட்டரா எடுத்துப்பாங்க. அது பஸ்ல அரை மணி நேரம்தான்."

பஸ்ஸில் அரை மணி நேரம். நான் கேட்டது அப்படியே கிடைத்துவிட்டது. அவர் எங்கேயும் போகப்போவதில்லை. எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. ஏதோ முணுமுணுத்துவிட்டு வீட்டுக்கு ஓடி வந்துவிட்டேன்.

நான் அக்கா வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவளிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் பாதி மடித்த போர்வையைக் கையில் பிடித்தபடி கேட்டாள்.

"ஏண்டி, ஒருத்தரைப் பிடிச்சிருந்தா பிடிச்சிருக்குன்னு சொல்லுவாங்க. கடிதம் எழுதுவாங்க. அதுவும் இல்லன்னா மூலையில உக்காந்து அழுவாங்க. நீ வால்வையா திருகினே?"

"மூடினேன்க்கா. மூணு நிமிஷம்."

"இதுல கணக்கு வேற!" உள்ளேயிருந்து மாமா சிரிக்கிற சத்தம் கேட்டது. அக்கா அந்தப் பக்கம் ஒரு முறை முறைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. "அவர் தன்னையே மட்டம்னு நினைச்சுட்டு இருக்காரு. நீ அதைப் பாத்துட்டு சும்மா இருக்கியா? போய்ச் சொல்லிடு. திட்டினா வாங்கிக்கோ."

"அப்புறம் என் முகத்துலயே முழிக்க மாட்டாரு."

"மாட்டாருதான்," என்றாள் அக்கா. அவள் ஆறுதலுக்குப் பொய் சொல்லுகிற ரகம் இல்லை.

திங்கட்கிழமை காலை ஆய்வகத்துக்குப் போனேன். நேரில் சொல்ல வாய் வராது என்று எனக்குத் தெரியும். நோட்டைத் திறந்தேன். மூன்றாவது வியாழனின் தேதி போட்டு, இரண்டு இருபது, ரிஃப்ளக்ஸ் வால்வு, மூன்று நிமிடம் மூடித் திறந்தது. மூன்று இருபத்தைந்து, அதேபோல. ஒவ்வொன்றாக ஏழையும் எழுதினேன். நேரம் எப்படி நினைவிருந்தது என்றால், கடிகாரத்தால் இல்லை. கண்ணாடிக் கதைக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. உயரத்துப் பயம் ஒன்று. சைக்கிள் ஒன்று. அவர் ஒன்றுமே பேசாமல் மழையைப் பார்த்துக்கொண்டிருந்த நாற்பது நிமிடம் ஒன்று. எனக்கு ஏழும் நிமிட சுத்தமாகத் தெரியும்.

லேப் அண்ணன் பின்னால் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை. முழுவதையும் படித்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் விரல் மூன்றாவது கட்டத்தில் வந்து நின்றது.

"காரணம் காலியா இருக்கே?"

"காலியாவே இருக்கட்டும்ணே."

"காரணம் இல்லாம இந்த நோட்டை யாரும் மூடினது இல்ல."

நான் பேனாவை எடுத்தேன். பொய் எழுத மனம் வரவில்லை, முழு உண்மையை எழுதத் தைரியம் வரவில்லை. 'தாமதப்படுத்த' என்று எழுதினேன். ஏழு வரியிலும் அதே வார்த்தை. அண்ணன் நூலைச் சரிசெய்துவிட்டுப் போனார்.

பத்து மணிக்குப் பெரியவர் பொருட்களைத் திருப்பிக் கொடுக்க வந்தார். கையெழுத்துப் போட நோட்டைத் திறந்தார். நான் ஓடிவிடலாம் என்று இருந்தேன், ஓடவில்லை. அவர் படித்தார். திரும்பவும் படித்தார். என்னைப் பார்த்தார். நான் இதுவரை யார் முகத்திலும் பார்க்காத ஒன்று அந்த முகத்தில் இருந்தது, அதைக் கோபம் என்று மட்டும் சொல்ல முடியாது. நோட்டை மூடிவிட்டு வெளியே போய்விட்டார்.

ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தார். கையில் மூன்று வியாழக்கிழமைகளின் சார்ட் சுருள்கள். தரையில் விரித்து, நோட்டைப் பக்கத்தில் வைத்து, ஸ்கேலும் பென்சிலுமாக மண்டியிட்டார். ஒவ்வொரு நேரத்துக்கும் நேராக ஒரு கோடு போட்டார். அந்தக் கோட்டிலிருந்து சரியாக இரண்டு நிமிடம் தள்ளி, ஏழு இடத்திலும், பேனா மேலே ஏறியிருந்தது.

"ஏழு தடவையும் மூணு நிமிஷம்தானா?" நிமிர்ந்து பார்க்காமல் கேட்டார்.

"ஆமா."

"ரெண்டரை, மூணேகால், அப்படியெல்லாம் இல்லையே?"

"எண்ணித்தான் திறந்தேன்."

"எல்லாம் ஒரே மாதிரி ஏறி ஒரே மாதிரி இறங்கியிருக்கு. நாப்பது நிமிஷம். ஒவ்வொரு தடவையும்." பென்சிலைக் காதில் செருகினார். "ஓட்டினது சரியாத்தான் ஓட்டியிருக்கேன்."

"ரொம்பச் சரியா ஓட்டுனீங்க. தப்பு என்மேல. மன்னிச்..."

"வேண்டாம். ஏன்னு இப்ப கேட்டா எனக்குக் கோபம் வந்துடும். முதல்ல இதை முடிப்போம்."

இருவரும் துறைத் தலைவியிடம் போனோம். நான் என் வாயாலேயே சொன்னேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி என்னை ஏற இறங்கப் பார்த்தார், மூன்று நிமிடம் இருக்கும், எண்ணினேன். என் ஆய்வக மதிப்பெண்ணில் பாதியை வெட்டினார். பிறகு சார்ட்டைப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். அமைதியாக இருக்கிற கோபுரத்தை ஒருமுறை குலுக்கிவிட்டால் அது எப்படித் திரும்பி வருகிறது என்பதும் பொறியாளர்களுக்கு வேண்டிய விஷயம்தான். அதற்கென்றே ஆட்கள் இப்படித் திட்டமிட்டுத் தொடுவார்கள். நாங்கள் திட்டமிடாமல் தொட்டிருந்தோம். "நடந்தது நடந்தபடியே எழுதணும், தொட்டது யாருன்னும் எழுதணும்," என்றார் பெரியவரிடம். "தலைப்பை மாத்திக்கோங்க. வியாழக்கிழமை யாரும் எதையும் தொடாம ஒரு ரீடிங் எடுத்துடுங்க, ஒப்பிட்டுப் பாக்க. போதும்."

கடைசி வியாழன் வந்தது. அவர் கோபமாக இல்லை, சாதாரணமாகவும் இல்லை. வேலை சம்பந்தமாக மட்டும் பேசினார். நான் கையிரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டு மேல்தளத்தில் நின்றேன், எதன்மேலும் கை பட்டுவிடக் கூடாதே என்று. இரண்டேகாலுக்குக் கோடு நேரானது. இரண்டே முக்காலுக்கு ரீடிங் எடுத்தோம். அவ்வளவுதான், எல்லாம் முடிந்தது. நீராவியை மூடிவிட்டுப் போகலாம்.

அவர் நீராவி வால்வுக்குப் பக்கத்தில் சும்மா நின்றார். பிறகு இரும்புப் படிக்கட்டில் ஏறி மேலே வந்தார், கண்ணைத் திறந்துகொண்டே.

"இன்னும் ஒண்ணு எடுத்துடலாமா? எட்டாவது."

"ஏழு பத்தாதா?"

"எடுத்துடலாம். நேரம் இருக்கே. எண்ணு."

ரிஃப்ளக்ஸ் வால்வை அவரே மூடினார். நான் உரக்க எண்ணினேன். நூற்று எண்பதில் திறந்தார். கீழே போய் நோட்டில் எழுதினார். பேனா ஏற ஆரம்பித்தது. அவர் இரண்டு டீ வாங்கி வந்து, கீழ்ப்படியை விட்டுவிட்டு, நடுப்படியில் உட்கார்ந்தார்.

இந்த இடம் வந்தால் எனக்கு என்னை நாலு சாத்துச் சாத்த வேண்டும்போல இருக்கும். நான் உட்காரவில்லை. செய்த குற்றத்துக்கு இந்த எட்டாவதையாவது ஒரு குறையும் இல்லாமல் எடுத்துக் கொடுத்துவிட வேண்டும் என்று வெறி. பத்துத் தட்டின் வெப்பநிலையையும் இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை எழுத ஆரம்பித்தேன். மேலே ஏறுவது, கீழே இறங்குவது, எழுதுவது.

"ரெண்டு நிமிஷத்துக்கு ஒருக்காவெல்லாம் வேண்டாம். உக்காரு கொஞ்சம்."

"இல்ல பெரியவரே, இது சரியா வரணும்."

"டீ ஆறிடும்."

"நீங்க குடிங்க. அறுபத்தஞ்சு புள்ளி ஒம்பது."

அவர் டம்ளரைப் படியில் வைத்தார். "ஸ்டாப்வாட்ச், உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"ஒரே நிமிஷம்," என்றேன் ஆறாவது தட்டின் தெர்மாமீட்டரில் கண்ணை ஒட்டவைத்துக்கொண்டு. "இப்பப் பேசினா எண்ணிக்கை விட்டுப் போயிடும்."

அவர் படியில் உட்கார்ந்து நான் ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்துக்கொண்டிருந்தார். என் டீயின்மேல் ஆடை படிந்தது. மூன்று முப்பத்தைந்துக்குப் பேனா பழைய கோட்டுக்கு வந்தது. "வந்துடுச்சு," என்றார். எழுந்து போய் நீராவியை மூடினார். நான் இருபது ரீடிங் கொண்ட தாளைப் பெருமையாக நீட்டினேன். அவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு என் கையிலேயே திருப்பி வைத்தார்.

"நீயே வச்சுக்கோ. நல்லா எழுதியிருக்கே."

"நான் காப்பி எடுத்து அனுப்பறேன்."

"சரி," என்றார். சனிக்கிழமை ரயிலேறிவிட்டார்.

காப்பி எடுத்து அனுப்பினேன். 'கிடைத்தது. சேர்ந்துவிட்டேன். இங்கே கோபுரத்தில் நாற்பது தட்டு' என்று ஒரு செய்தி வந்தது. நான் 'வாழ்த்துகள்' என்று பதில் போட்டேன். வேறு என்ன எழுதுவது? மன்னித்துவிட்டாரா என்று கேட்கத் தைரியம் இல்லை. வியாழக்கிழமைகளில் பன்னிரண்டு மணியானால் வேறு யாரோ படிக்கட்டில் உட்கார்ந்து சிரிப்பது வராந்தா வரை கேட்கும். ஆய்வகத்துப் பக்கமே நான் போகவில்லை. அந்த நோட்டைப் பார்க்கக் கூசியது.

மூன்று வாரம் கழித்து அறிக்கை பைண்டு செய்யப்பட்டுத் துறை நூலகத்துக்கு வந்தது. நின்றுகொண்டே புரட்டினேன். என் பெயர் இருந்தது, நடந்தது நடந்தபடி. 'திட்டமிடாமல் செய்யப்பட்டு, பின்னர் செய்தவராலேயே பதிவு செய்யப்பட்டவை.' அதற்கடுத்த பக்கத்தில் அட்டவணை. ஏழு வரிசை.

எட்டாவது அடுத்த பக்கத்தில் இருக்கும் என்று திருப்பினேன். இல்லை. வரைபடங்களைப் பார்த்தேன், ஏழு கோடுகள். பின்னிணைப்பில் தேடினேன். என் இருபது ரீடிங்கில் ஒன்றுகூட எங்கேயும் இல்லை. தப்பாக எடுத்துவிட்டேனோ என்றுதான் முதலில் தோன்றியது. அப்புறம்தான் நூலகத்திலிருந்து ஆய்வகத்துக்குக் கிட்டத்தட்ட ஓடினேன்.

லேப் அண்ணன் கண்ணாடிக் குழாய்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் மேசைக்குப் போய் நோட்டைப் புரட்டினேன். கடைசி வியாழன். இரண்டு ஐம்பத்தைந்து, ரிஃப்ளக்ஸ் வால்வு, மூன்று நிமிடம் மூடித் திறந்தது. அவருடைய கையெழுத்து. காரணம் என்ற கட்டத்தில், அடக்கமான சின்ன எழுத்தில், என் வார்த்தையே இருந்தது. 'தாமதப்படுத்த.'

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. அண்ணன் துணியைப் பிழிந்து உதறிப் போட்டுவிட்டுப் பக்கத்தில் வந்தார்.

"அவர் எழுதினப்பவே நான் பாத்தேன்மா," என்றார். "உன்னைக் கூப்பிட்டுக் காட்டலாம்னுதான் நினைச்சேன். நீ ரீடிங் எடுத்துட்டு இருந்தே."